பக்கம் காலியாக நிற்கக் கூடாது

என் வீட்டுக்காரருக்குக் காலி இடத்தைக் கண்டால் ஆகாது. அலமாரியில் ஒரு சாண் இடம் தெரிந்தால் போதும், எங்கிருந்தாவது ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "ம், இப்ப சரியா இருக்கு" என்பார். எங்கள் கூடத்து அலமாரியில் ஓடாத கடிகாரம் ஒன்று அப்படித்தான் வந்து உட்கார்ந்தது. அது மணி காட்ட வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

இது பிறவிக் குணம் இல்லை, தொழில் கொடுத்த குணம். எனக்குக் கல்யாணம் ஆனபோது அவர் ஒரு பத்திரிகை அச்சகத்தில் பக்கம் கட்டிக்கொண்டிருந்தார். செய்தி எழுதுகிறவர்கள் வேறு. அவர்கள் எழுதிக் கொடுப்பதை எங்கே வைப்பது, எவ்வளவு பெரிய எழுத்தில் வைப்பது, படத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதெல்லாம் இவர் வேலை. கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வராமல் போய்விட்டால் பக்கத்தில் ஓட்டை விழும். ஓட்டையோடு பத்திரிகை வெளியே போனால் இவருக்குச் சட்டை கிழிந்து தெருவில் நிற்கிற மாதிரி. அதற்காகவே சில துணுக்குகளைக் கைவசம் வைத்திருப்பார். வெந்நீர் குடிப்பதால் வரும் நன்மைகள், பழமொழி மாதிரி தோற்றமளிக்கும் ஏதோ ஒரு வாசகம், ஒரு பூனைப் படம். அந்தப் பூனை எத்தனை முறை பத்திரிகையில் வந்திருக்கும் என்று அந்தப் பூனைக்கே தெரியாது.

பிறகு அச்சகத்தை மூடிவிட்டார்கள். தலை நரைக்கிற வயதில் இவர் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து இணையப் பக்கம் கட்டக் கற்றுக்கொண்டார். "பேப்பர்ல கட்டினாலும் பக்கம்தான், கம்ப்யூட்டர்ல கட்டினாலும் பக்கம்தான்" என்று எனக்குத் தைரியம் சொன்னார். நான் ஆரம்பப் பள்ளியோடு நின்றவள். எனக்கு அவர் சொன்னது பாதி புரிந்தது. மீதிப் பாதியை ஆண்டவனிடம் ஒப்படைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

கற்றுக்கொண்டாரே தவிர, வேலை வரவில்லை. போகிற இடமெல்லாம் இவருடைய நரையைப் பார்த்துவிட்டு, "உங்க பையனுக்கா சார் வேலை?" என்று கேட்டார்கள். ஒரு நாள் என் அண்ணன்தான் வந்து கதவைத் தட்டினார். தட்டினார் என்று சொல்வது மரியாதைக்கு. தெருமுனையிலேயே ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடுவார்.

அண்ணன் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் வண்டிகளை அனுப்பி வைக்கிற பொறுப்பில் இருக்கிறார். நல்ல மனசு, அதைவிட நல்ல தொண்டை.

"மாப்ளே, எங்க முதலாளி அம்மாகிட்ட பேசிட்டேன். சொந்தக்காரர், நான் பொறுப்புன்னு சொல்லிட்டேன். என் பேரைக் கெடுத்துடாதீங்க" என்றார்.

வேலை இதுதான். ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. எந்த வண்டி கிளம்பியது, எது தாமதம், எது வழியில் நின்றுவிட்டது, டிரைவர் பொத்தானைத் தட்டிச் சொல்கிற காரணம் என்ன என்பதையெல்லாம் அது கம்பெனியின் சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சர்வர் அதை ரிப்போர்ட்டாக ஆக்கும். அந்த ரிப்போர்ட்டை வாங்கி, டிரைவர்கள் உட்காரும் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய டிவியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி காட்ட ஒரு பக்கம் கட்ட வேண்டும். கம்பெனியின் ஆண்டு விழாவன்று அதைப் போட்டுக் காட்ட வேண்டும். முதலாளி அம்மாவுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் வெளியிலிருந்து தயாராக இருக்கும் ஒன்றை வாங்கிக்கொள்வார்கள், இவர் வீட்டுக்கு வந்து மறுபடியும் அலமாரியை அடைக்கலாம். அண்ணன் கொடுத்த வாக்கும் அதோடு போகும்.

சர்வரைப் பார்த்துக்கொள்பவர் பின்னறையில் இருந்தார். குளிரூட்டிய அறை, எப்போதும் கம்பளிச் சட்டை. எல்லோரும் அவரைக் கிணறு என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் உள்ளே போய் விழும், ரொம்ப நேரம் சத்தமே இருக்காது, பிறகு ஆழத்திலிருந்து "வரும்" என்று ஒரு வார்த்தை வரும்.

"சர்வர்ல இருந்து ரிப்போர்ட் எப்ப தம்பி வரும்?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"வரும்."

அதுவரை இவர் என்ன செய்வார்? பக்கம் கட்டக் கையில் விஷயம் இல்லை. எங்கள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு 'வண்டி ஒன்று, வண்டி ஒன்று, வண்டி ஒன்று' என்று பொய்யாக அடித்துப் பார்த்தார். மூஞ்சி சுருங்கிப்போனது.

"உசுரே இல்ல. நிஜமான ஆளுங்க இருந்தாத்தான் எந்த இடத்துல இடிக்குது, எங்க நீளுதுன்னு தெரியும்" என்று முனகினார். பிறகு வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"என்னங்க சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. டெஸ்ட்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். திரையில் சிவப்புப் பட்டையில் பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: 'வண்டி: அம்மா. நிலை: தாமதம். காரணம்: கிளம்பும்போது பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்தது.'

"அடப்பாவமே! அத்தை பார்த்தா என்னாகும்?"

அத்தை பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். என் மாமியார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், கண் கழுகு. குனிந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி முழுவதையும் படித்தார்.

"நாலு தடவை இழுக்கலேன்னா இந்த வீடு இன்னைக்கு இருக்குமாடா?"

"மாதிரிக்குப் போட்டதும்மா."

"அது சரி, எனக்கு ஏன் சிவப்பு?"

"தாமதம்னா சிவப்பும்மா."

"எனக்குப் பச்சை போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வரி எங்கள் மகன். 'நிலை: ஷெட்டில் கிடக்கிறது. காரணம்: தள்ளினால்தான் ஸ்டார்ட் ஆகும்.' அவனைக் காலையில் எழுப்பிப் பார்த்தவர்களுக்கு இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை என்று தெரியும். அதற்கு அடுத்த வரியைப் பார்த்ததும்தான் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே போட்டேன். 'வண்டி: மச்சான். நிலை: நிற்கிறது. காரணம்: ஹாரன் நன்றாக வேலை செய்கிறது, வண்டிதான் நகரவில்லை.'

"என்னங்க இது, எங்க அண்ணனை! அழிங்க முதல்ல."

"யாரு பார்க்கப் போறா? சர்வர் பேச ஆரம்பிச்சதும் இதெல்லாம் தானா உள்ள போயிடும். சர்வர் வாயைத் திறக்கலேன்னா பக்கம் வெள்ளையா நிக்குமில்ல, பார்க்கவே கூசும். அந்த நேரத்துல மட்டும் இது வர்ற மாதிரி வெச்சிருக்கேன்."

பூனைப் படம் ஞாபகம் வந்தது எனக்கு. ஆனால் வெள்ளையாக நிற்பதை விட ஏதாவது நின்றால் நல்லதுதானே என்றும் தோன்றியது.

"என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க?"

"உன்னது இன்னும் எழுதல" என்று மூடியைச் சாத்திவிட்டார்.

ஆண்டு விழாவுக்கு முன்னால் கிணற்றிலிருந்து தண்ணீர் வந்தேவிட்டது. சர்வர் பேசத் தொடங்கியது. ரிப்போர்ட்கள் கேட்டதும் வந்தன. இவருக்கு அந்தச் சந்தோஷத்தில் அம்மா வண்டி, மச்சான் வண்டி எல்லாம் மறந்தே போனது. திரையில் தெரியாததை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

அன்றைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அத்தை வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கிற வரைக்கும் காத்திருந்து, நாங்களும் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். டிரைவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் என்று கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பெரிய நாற்காலியில் முதலாளி அம்மா. சின்ன உருவம், கால் தரையில் எட்டவில்லை. சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பக்கத்தில் ஒரு பெண் என் காதில் சொன்னாள்.

அண்ணன் மைக்கைப் பிடித்தார். அவருக்கு மைக் தேவையே இல்லை. ஆனால் எங்கிருந்தோ ஒரு பெரிய ஒலிபெருக்கியை வரவழைத்து, நீளமாக வயர் இழுத்து ஏற்பாடு செய்திருந்தார்.

"இந்தப் பக்கத்தைக் கட்டினது வேற யாருமில்ல, என் மாப்பிள்ளை! இனிமே எந்த வண்டியோட யோக்கியதையும் மறைக்க முடியாது! எவன் நகர்றான், எவன் சும்மா நிக்கிறான், எல்லாம் ஊருக்கே தெரியும்! போடுங்க மாப்ளே!"

இவர் பொத்தானைத் தட்டினார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் அதையே பார்த்துத் தலையைச் சுற்றத் தொடங்கிவிட்டார்கள். இவர் நெற்றியில் வேர்வை மினுங்கியது. முதலாளி அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அண்ணன் மைக்கிலேயே, "என்ன மாப்ளே?" என்றார், கூடம் முழுவதும் கேட்டது.

நான் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். 'ஆண்டவனே, அந்தத் திரையில் ஏதாவது ஒன்று வந்தால் போதும்' என்று வேண்டினேன். ஏதாவது ஒன்று என்றுதான் கேட்டேன். கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டார்.

டிரைவர்களில் ஒருவருக்கு வானொலி என்று பெயர். எதைக் கண்டாலும் சத்தமாகப் படிப்பார், கடைப் பலகையைக்கூட விடமாட்டார். அவர் குரல் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன்.

"வண்டி அம்மா! நிலை தாமதம்! காரணம், கிளம்பும்போது பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்தது!"

கூடம் ஒன்றும் புரியாமல் விழித்தது. "புது வண்டியா? எந்த ரூட்டு?" என்றார் ஒருவர். அத்தை மட்டும், "இன்னும் சிவப்பாத்தான் வெச்சிருக்கான்" என்றார்.

"வண்டி மகன்! ஷெட்டில் கிடக்கிறது! தள்ளினால்தான் ஸ்டார்ட் ஆகும்!"

"பாட்டரியா இருக்கும்" என்றார் தலைமை மெக்கானிக், அக்கறையாக. என் மகன் நாற்காலிக்குள் புதைந்துபோனான்.

இவர் கை லேப்டாப்பில் எதையோ தேடித் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் நகரவில்லை. அவ்வளவு கெட்டியாகக் கட்டியிருந்தார் பக்கத்தை.

"வண்டி மச்சான்! நிற்கிறது! காரணம், ஹாரன் நன்றாக வேலை செய்கிறது, வண்டிதான் நகரவில்லை!"

அத்தனை பேரும் திரும்பி அண்ணனைப் பார்த்தார்கள்.

"யாரோட மச்சான்?" என்று அண்ணன் கேட்டார், மைக்கில்.

அவ்வளவுதான். கூடம் வெடித்தது. டிரைவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். பின்வரிசையில் யாரோ வாயாலேயே ஹாரன் அடித்தார்கள். முதலாளி அம்மாவின் முகம் அசையவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அண்ணன் முகம் அம்மா வண்டியை விடச் சிவந்துபோனது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. வேலையும் போயிற்று, அண்ணன் உறவும் போயிற்று.

அப்போதுதான் கடைசி வரி வந்தது. வானொலி அதே வேகத்தில் தொடங்கி, போகப்போகக் குரலை இறக்கினார்.

"வண்டி வீட்டுக்காரி. நிலை, ஓடிக்கொண்டிருக்கிறது. தாமதம், இல்லை. கடைசி சர்வீஸ்... தகவல் இல்லை."

சிரிப்பு அடங்கிவிட்டது. தலைமை மெக்கானிக் எழுந்தே விட்டார்.

"அதெப்படிங்க? சர்வீஸே பண்ணாம ஒரு வண்டிய ஓட்டுறது? எந்த வண்டி இது, காட்டுங்க!"

"இதோ, இவதான்!" என்று அத்தை உதவியாக என்னைக் கைகாட்டினார்.

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. இவர் என்னைப் பார்க்காமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

முதலாளி அம்மா மெதுவாகத் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்கு இந்த வண்டிய நான் ரோட்டுல பார்க்கக் கூடாது" என்றார்.

அந்த நேரம் பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு கிணறு வெளியே வந்தார். அவர் வெயில் பார்த்தே நாளாகியிருக்கும் போல, கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

"சர்வர் என்னாச்சு?" என்று பத்துப் பேர் கேட்டார்கள்.

"வரும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மைக் வயரைப் பிடுங்கினா வரும்" என்றார்.

அண்ணனுடைய ஒலிபெருக்கிக்கு மின்சாரம் தேடியவர்கள், பின்னறையில் எதையோ கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகியிருக்கிறார்கள். கழற்றியது சர்வரை வெளியே பேசவைக்கிற பெட்டியின் வயர்.

"எல்லாரும் கொஞ்சம் அமைதியா..." என்று அண்ணன் ஆரம்பித்தபோதே கிணறு உள்ளே போய் அந்த வயரைப் பிடுங்கி, பெட்டியின் வயரைச் செருகிவிட்டார். மைக் நின்றது. திரை சிமிட்டியது. எங்கள் குடும்பம் மொத்தமும் மறைந்து, நிஜமான ரிப்போர்ட் வந்தது. ஓரம் அளந்து வைத்த மாதிரி, அழகான வரிசைகள்.

"வண்டி பன்னிரண்டு. நிலை நாலு. காரணம் பதினேழு" என்று வானொலி படித்தார். அடுத்த வரியையும் படித்தார். மூன்றாவது வரியில் அவருக்கே கொட்டாவி வந்தது.

"மறுபடி மச்சானைப் போடுங்க!" என்று ஒரு குழந்தை கத்தியது.

"காரணம் பதினேழுன்னா என்ன?" என்று முதலாளி அம்மா கேட்டார். கடைசியில் கிணற்றிலிருந்து பதில் வந்தது. "டயர்."

"டயரை டயர்னு போட்டா தேஞ்சா போயிடும்?"

இவர் எழுந்து நின்றார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "போடலாம்மா. சர்வருக்கு நம்பர்தான் பேசத் தெரியும். அது நம்பராவே அனுப்பட்டும், இந்தப் பக்கம் நான் அதை வார்த்தையா மாத்திக் காட்டிடுவேன். சர்வர் அனுப்புறதை மாத்தக் கூடாதோன்னு பயந்துக்கிட்டு அப்படியே வெச்சுட்டேன்."

"மாத்துங்க. இத்தனை வருஷமா என் டிரைவருங்க ஒரு ரிப்போர்ட்டை முழுசாப் படிச்சு நான் பார்த்தது இன்னைக்குத்தான். முன்னாடி வந்துச்சே, அந்த மாதிரியே இருக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தி, "சொந்தக்காரங்களை மட்டும் இறக்கி விட்டுடுங்க" என்றார். எழுந்து போகும்போது இவரிடம், "வேலையில சேர்ந்தாச்சுன்னு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விழாச் சாப்பாட்டுக்கு அண்ணன் எங்களோடு உட்காரவில்லை. இவர் மெதுவாகப் பக்கத்தில் போய், "மச்சான்..." என்றார். அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹாரன்கூட அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் என்னைச் சமையலறைக்குள் விடவில்லை. இவரும் மகனுமாக உள்ளே புகுந்துகொண்டார்கள். ஏதோ கருகியது, ஏதோ உடைந்தது. "சர்வீஸ் நடக்குது, உள்ள வராதே" என்று உள்ளிருந்து கத்தினார்கள். சர்வீஸ் எனக்கா பாத்திரங்களுக்கா என்று அத்தை கேட்டார். பிறகு இவர் கண் டாக்டரிடம் கூட்டிப்போய் எனக்குப் புதுக் கண்ணாடி போட்டார். போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்தேன். அலமாரிகளில் ஒரு சாண் காலி இல்லை, அத்தனையிலும் தூசி. பழைய கண்ணாடியே தேவலை என்று தோன்றியது.

பஸ் கம்பெனியில் பக்கம் நன்றாக ஓடியது. 'டயர் தேய்ந்துவிட்டது', 'பயணி ஒருவர் குடையை எடுக்கத் திரும்ப ஓடினார்' என்று தமிழில் வந்தது, டிரைவர்கள் கிரிக்கெட் பார்ப்பது போல உட்கார்ந்து பார்த்தார்களாம். அண்ணன் மட்டும் இவரைக் கண்டால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. இந்த முறை நான் ஆண்டவனிடம் கவனமாகக் கேட்டேன். அண்ணன் வர வேண்டும், கோபமில்லாமல் வர வேண்டும், வந்தால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாதியில் விட்டால் என்ன வருமோ!

ஒரு சாயங்காலம் தெருமுனையில் ஹாரன் கேட்டது. விடாமல் கேட்டது. வாசல் வரைக்கும் அடித்துக்கொண்டே வந்து அண்ணன் இறங்கினார். மைக் இல்லாமலே தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"தங்கச்சி! ஹாரனும் அடிச்சேன், வண்டியும் நகர்ந்து வந்திருக்கு. மாத்தி எழுதச் சொல்லு உன் வீட்டுக்காரரை!"

இவர் ஓடிவந்து லேப்டாப்பைத் திறந்தார். கம்பெனிப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டாலும் வீட்டில் டெஸ்ட் பண்ண இன்னும் நாங்கள்தான் இருக்கிறோம். 'நிற்கிறது' என்பதை அழித்து, 'வந்து சேர்ந்தது' என்று அடித்தார். பட்டை பச்சையானது.

"காரணம் என்ன போடட்டும் மச்சான்?"

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சமையலறைப் பக்கம் மூக்கைத் திருப்பி ஒரு மூச்சு இழுத்தார்.

"பசின்னு போடுங்க."

நான் தட்டு எடுக்க உள்ளே போனேன். பின்னால் அத்தையின் குரல் கேட்டது.

"அவனுக்கு மட்டும் உடனே பச்சை! எனக்கு எப்படா?"

"பூட்டை ஒரு தடவை குறைச்சு இழும்மா, போட்டுடறேன்."

அத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்க்கிறது கேட்டது.

"சிவப்பே இருக்கட்டும்" என்றார்.